கண்ணுக்குத் தெரியாத கோதுமை
சீலியாக் நோயும் நம் இல்லத்துச் சமையலறையும் – ஒரு பாடம்

ஜின தர்மத்தைப் போற்றும் இல்லங்களில் உணவு ஆக்குவது வயிற்றை நிரப்புவதற்கான செயல் மட்டுமன்று. நீரை வடிகட்டுகிறோம், மாவைச் சலிக்கிறோம், கீரையை இலை இலையாக ஆய்கிறோம், பொழுது சாயுமுன் உண்டு முடிக்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிருக்கும் நம் கையால் தீங்கு நேரலாகாது என்னும் எண்ணமே இவற்றுக்கெல்லாம் அடிப்படை. இவ்விதழில் நாம் பயிலவிருப்பது, அதே சமையலறையில், அன்போடு ஆக்கிய அதே உணவால், நம் பந்தியில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு நேரக்கூடிய தீங்கைப் பற்றியதாகும். அத்தீங்கும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றாலேயே நேர்கிறது. அதனாலேயே, அதைத் தடுக்கும் பயிற்சி நம்மவர்க்குப் புதியதன்று என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

நோயின் இயல்பு

கோதுமையில் குளூட்டன் என்னும் புரதம் உள்ளது. பிசைந்த மாவு இழுத்தால் நீள்வதும், சப்பாத்தி கிழியாமல் விரிவதும் இப்புரதத்தால்தான். இதனை ஒத்த புரதங்கள் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் உள்ளன. பெரும்பாலோர்க்கு இவற்றால் தீங்கில்லை. சீலியாக் நோய் உடையவர்களுக்கோ, குளூட்டன் சிறுகுடலை அடைந்தவுடன் உடலின் எதிர்ப்பாற்றல் அதனைப் பகையெனக் கருதிக் கிளர்ந்தெழுகிறது. கிளர்ந்த வேகத்தில் தன் குடலையே தாக்கிக்கொள்கிறது. சிறுகுடலின் உட்சுவரில் நுண்ணிய விரல்களைப் போல் நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. சத்தை உறிஞ்சும் பரப்புக் குறைவதால், உண்டும் உடல் தேறாத நிலை உண்டாகிறது. குழந்தையாயின் வளர்ச்சி தடைப்படுகிறது. பெரியவராயின் இரத்தசோகை, எலும்பு நலிவு, ஓயாத களைப்பு ஆகியவை தோன்றுகின்றன. சிலருக்கு வயிற்றில் எவ்வகைத் தொல்லையும் தோன்றாமல் இவை மட்டுமே தோன்றுவதும் உண்டு.

1888-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயைத் தெளிவாக விவரித்து, இதற்குத் தீர்வு உணவில்தான் உள்ளது என எழுதினார். எந்த உணவைத் தவிர்ப்பது என்பது அப்போது விளங்கவில்லை. நெதர்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே என்பவருக்குக் கோதுமையின் மீது ஐயம் எழுந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அந்நாட்டில் நேர்ந்த கடும் பஞ்சமும் ரொட்டித் தட்டுப்பாடும் அவ்வையத்தை வலுப்படுத்தின. 1950-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் ஆய்வேட்டில் கோதுமையே காரணம் என்பதை அவர் நிறுவினார். அன்று தொட்டு இன்று வரை இந்நோய்க்குரிய சிகிச்சை ஒன்றே: குளூட்டன் உள்ள உணவை வாழ்நாள் முழுதும் அறவே விலக்குதல். மற்ற நோய்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மருந்துக்குத் துணை. இந்நோய்க்கு உணவுக் கட்டுப்பாடே மருந்து.

அரிசி உண்ணும் நமக்கு இதனோடு என்ன தொடர்பு?

இக்கேள்வி நியாயமானதே. 2016-இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில், இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள்கள் வட இந்தியப் பெரியவர்களுள் 1.23 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கில் 0.87 விழுக்காட்டினரிடமும், தென்னிந்தியாவில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. அதாவது, வடக்கே ஏறத்தாழ எண்பது பேரில் ஒருவர்; தெற்கே ஆயிரவரில் ஒருவர். நோய்க்கு இடந்தரும் பரம்பரைக் கூறு தென்னாட்டிலும் உண்டு. உண்ணும் கோதுமையின் அளவே பெரிதும் வேறுபடுகிறது.

இப்போது நம் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். நீரிழிவுக்கு நல்லதென்று மாலை உணவு சப்பாத்தியாகிவிட்டது. பிள்ளைகளின் சிற்றுண்டி ரொட்டியும் பிஸ்கட்டும் நூடுல்ஸும் ஆகிவிட்டது. நம் இளைஞர்கள் டெல்லியிலும் பெங்களூரிலும் அயல்நாடுகளிலும் இல்லறம் நடத்துகின்றனர். விடுமுறைக்கும் விழாவுக்கும் சொந்த ஊருக்கு வரும் அவர்களின் பிள்ளைகளுள் ஒருவருக்கு இந்நோய் இருத்தல் வியப்பன்று. நம் பக்கத்தில் இந்நோய் அரிது. எனவே இதனை அறிந்தோரும் அரியர். அறியாத ஊரில்தான் தவறுதல் மிகுதியாக நேர்கிறது.

தவறி உண்டபின் உடலில் நிகழ்வன

கோதுமையை விலக்கி நலமாக வாழும் ஒருவர், தம்மை அறியாமல் அதனை உண்டுவிட்டால் என்ன நேரும்? அனைவர்க்கும் ஒரே வகையில் நேர்வதில்லை.

சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் உண்டாகும். வயிற்று வலி, உப்புசம், வயிற்றுப்போக்கு, தலைவலி ஆகியவை தொடரலாம். எதிர்ப்பாற்றலின் அணுக்கள் வெளியிடும் இன்டர்லூக்கின்-2 என்னும் பொருள், உண்ட சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் உயர்வதை 2019-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே இது மனப்பிரமையன்று, நடிப்புமன்று.

சிலருக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொல்லை தோன்றும். சிலருக்கு வயிறு அமைதியாக இருக்கும்; ஆனால் உடல் முழுதும் அடித்துப் போட்டாற்போல் களைப்பும், சிந்தனை தெளியாத மந்தமும், எரிச்சலும் சில நாள்கள் நீடிக்கும். பள்ளிப் பிள்ளையாயின், பாடத்தில் மனம் செல்லாமல் சோர்ந்து அமர்ந்திருப்பதே அடையாளமாகலாம். சோம்பல் என்று எண்ணி அப்பிள்ளையைக் கடிந்துவிடக் கூடாது. இன்னும் சிலருக்கு முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் கடும் அரிப்புடன் கொப்புளங்கள் எழும்.

எவ்வகைத் தொல்லையும் தோன்றாதவர்களும் உள்ளனர். இவர்களைப் பற்றியே நாம் மிகுந்த கவலை கொள்ள வேண்டும். வெளியே அடையாளம் இல்லாவிடினும், மீண்டும் மீண்டும் உண்டால் உள்ளே குடல் தேய்ந்துகொண்டுதான் இருக்கும். "அன்று உண்டாயே, ஒன்றும் ஆகவில்லையே" என்று கூறி அடுத்த முறையும் பரிமாறுதல் பிழையான முடிவாகும்.

கோதுமை ஒவ்வாமை என்பது வேறொரு நோய். அதில் உண்ட சிறிது நேரத்தில் உடலெங்கும் தடிப்பும், முகம் உதடுகளில் வீக்கமும், மூச்சுத் திணறலும் தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். அத்தகைய அடையாளங்களைக் கண்டால் ஒரு கணமும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"சிறிது" என்பது எவ்வளவு?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கோதுமை மாவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் எனக் கொள்வோம். 2007-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வொன்றில், நோயுற்றோர் சிலர் நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதங்கள் உட்கொண்டபோது குடலின் உட்சுவர் கேடுற்றது. 50 மில்லிகிராம் குளூட்டன் என்பது அரை கிராம் கோதுமை மாவு. ஒரு தேக்கரண்டி மாவின் எடை இரண்டரை கிராமுக்குக் குறையாது. எனவே, தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு மாவே நாள்தோறும் சேர்ந்தால் போதும்.

இன்னொரு கணக்கு. ஒரு கிலோகிராம் உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாதிருந்தால்தான் அதனைக் குளூட்டன் அற்ற உணவென்று கூறலாம் என்பது பன்னாட்டு அளவு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் அளவும் அதுவே. ஒரு கிலோ அரிசி மாவில் ஒரு தேக்கரண்டி கோதுமை மாவு கலந்தால் அதில் சேரும் குளூட்டன் 250 மில்லிகிராம்; அதாவது, வரம்பைப் போல் பன்னிரண்டு மடங்கிற்கும் மேல். நம் கண்ணுக்கு அம்மாவு வெள்ளை வெளேரென்ற அரிசி மாவாகவே தோன்றும்.

வெங்காயத்தையும் பூண்டையும் கிழங்குகளையும் நம் முன்னோர் விலக்கியதன் காரணத்தைச் சிறுவர்க்கு எவ்வாறு விளக்குகிறோம்? கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் உயிர் இல்லை என்று ஆகாது என்கிறோம். அதே விளக்கம் இங்கும் பொருந்தும். தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

மறைந்து வரும் வழிகள்

பூரி, சப்பாத்தி, ரவை உப்புமா, சேமியாப் பாயசம், கேசரி, மைதா இனிப்புகள் ஆகியவற்றை எவரும் எளிதில் விலக்குவர். தவறுதல் நேர்வது வேறு வழிகளில்.

முதலாவது, பெருங்காயம். வெங்காயமும் பூண்டும் விலக்கிய இல்லங்களில் மணத்துக்குப் பெருங்காயமே துணை. சாம்பார், ரசம், மோர்க்குழம்பு, புளியோதரை, ஊறுகாய் எதிலும் அது உண்டு. ஆனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மூலப் பிசின் சிறு பகுதியே. அதனுடன் பிறவகைப் பிசினும் மாவும் சேர்க்கப்படுகின்றன. அம்மாவு பல தயாரிப்புகளில் கோதுமை அல்லது மைதா மாவாகும். சிலவற்றில் மட்டும் அரிசி மாவு. ஒரு வேளையில் ஒரு சிட்டிகை என்றாலும், நாள்தோறும் மும்முறை, நாலைந்து பதார்த்தங்களில் சேர்வதை எண்ணிப் பார்க்க வேண்டும். டப்பாவின் மேலுள்ள சேர்மானப் பட்டியலைப் படித்து, கோதுமை சேராததையே வாங்க வேண்டும். மாவு கலவாத பால் பெருங்காயம் கிடைப்பின் நன்று.

இரண்டாவது, மாவு மில். முன்னவர் கோதுமை அரைத்த அதே இயந்திரத்தில் நம் அரிசியைக் கொட்டினால், உள்ளே தங்கிய கோதுமை மாவு முதலில் நம் பாத்திரத்தில்தான் விழும். வீட்டுச் சாம்பார்ப் பொடியும் மிளகாய்த் தூளும் கேழ்வரகு மாவும் இவ்வாறே. கம்பும் சோளமும் தினையும் இயல்பில் குளூட்டன் அற்றவையே. அரைக்கும் இடத்திலும் அள்ளி விற்கும் இடத்திலும் கலப்பு நேரலாம்.

மூன்றாவது, கல்லும் எண்ணெயும் கரண்டியும். சப்பாத்தி வாட்டிய கல்லில் தோசை வார்த்தல், பூரி பொரித்த எண்ணெயில் அப்பளமோ வடையோ பொரித்தல், உப்புமாவில் இட்ட கரண்டியைத் தயிர்ச்சாதத்தில் இடுதல், சப்பாத்திப் பலகையில் கொழுக்கட்டை தட்டுதல் ஆகியவை கலப்புக்கு வழிகள். தீயின் வெப்பத்தால் குளூட்டன் அழிவதில்லை; மாவைப் புளிக்க வைப்பதாலும் அது நீங்கிவிடுவதில்லை. உணவு விடுதிகளில் ரவா தோசையும் சாதா தோசையும் ஒரே கல்லில் வார்க்கப்படுவதையும் நினைவிற்கொள்க.

நான்காவது, பானங்கள். பார்லிக் கஞ்சி உடலுக்குக் குளிர்ச்சி என்று கொடுப்பதுண்டு. இவர்களுக்கு அது ஆகாது. மால்ட் சேர்ந்த சத்து மாவுப் பானங்களில் பார்லியோ கோதுமையோ இருக்கும். ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்தே வருகிறது. தூய ஓட்ஸும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.

ஐந்தாவது, ஆசிரியப் பெருமக்கள் கருத வேண்டியது: கைவினை வகுப்பில் பயன்படும் மைதாப் பசையும், மாவினால் செய்த விளையாட்டுக் களிமண்ணும். சிறு குழந்தையின் விரல் வாய்க்குள் செல்லாமல் இராது.

ஒரு குடும்பத்தில் நிகழ்ந்தது

நாம் நன்கறிந்த ஒரு குடும்பத்தில் நிகழ்ந்ததைப் பாடத்துக்குத் துணையாகக் கூறுகிறோம். வடநாட்டில் வளரும் ஒன்பது வயதுப் பேத்திக்குச் சீலியாக் நோய் எனக் கண்டறியப்பட்டிருந்தது. கோடை விடுமுறைக்குச் சிற்றூருக்கு வந்தாள். பாட்டியார், பேத்திக்காக வீட்டில் கோதுமையையே ஒழித்துவிட்டார். இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை என எல்லாம் அரிசியால் செய்து பரிமாறினார். மூன்றாம் நாள் காலை புட்டு உண்ட இரண்டு மணி நேரத்தில் குழந்தை வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்துக்கொண்டாள். வெயில் என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். இரண்டு நாள் சென்று தேறினாள். பின்னர் கொழுக்கட்டை உண்ட நாளில் மீண்டும் அதே துன்பம். இட்லியும் சோறும் உண்ட நாள்களில் ஒன்றும் நேரவில்லை.

குழந்தையின் தாயார் ஒரு தாளில் ஒவ்வொரு நாள் உணவையும் எழுதிப் பார்த்தார். மாவு மில்லில் அரைத்து வந்த மாவு என்பது விளங்கிற்று. அதனைச் சொன்னபோது பாட்டியார் கண் கலங்கினார். தம் கையால் பேத்திக்கு நஞ்சிட்டதாகவே அவர் எண்ணிவிட்டார். பல நாள் அக்குழந்தைக்கு எதனையும் ஊட்ட அவர் கை நடுங்கியது. குழந்தையோ, பாட்டி வருந்துவாரே என்று வயிற்று வலியை மறைக்கத் தொடங்கினாள். இவ்விரண்டாவது தீங்கு முதல் தீங்கினும் பெரிதன்றோ? வலியைச் சொல்லாத குழந்தையை எவ்வாறு காப்பது?

ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும் தத்துவார்த்த சூத்திரம், பிரமாதம் என்னும் விழிப்பின்மையை முன்வைத்தே அதனை விளக்குகிறது. பாட்டியாரிடம் இருந்தது பிரமாதம் அன்று. தாம் அறிந்த அளவில் அவர் முழு விழிப்போடு இருந்தார். அறியாததை அறிந்துகொள்வதே அவர் செய்ய வேண்டியிருந்தது. அதனையும் அவர் செய்தார். அரிசியை ஊறவைத்து உலர்த்தி வீட்டிலேயே மிக்ஸியில் அரைத்தார். அவ்விடுமுறையில் குழந்தைக்கு மீண்டும் துன்பம் நேரவில்லை. அறிந்த பின்னும் "ஒரு பொட்டு மாவு என்ன செய்துவிடும்" என்பவரிடம் இருப்பதே பிரமாதம்.

மூன்று சமிதிகள் கற்பிக்கும் பாடம்

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளை நாம் அறிவோம். இல்லறத்தார் அவற்றை முழுமையாகக் கைக்கொள்ள இயலாது. ஆயினும் அவற்றின் கருத்து இங்கே நமக்கு வழிகாட்டும்.

ஏஷணா சமிதி உணவை ஆராய்ந்து ஏற்றலைக் கூறுகிறது. பொட்டலத்தின் சேர்மானப் பட்டியலை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் படித்தல் இதனைச் சாரும். தயாரிப்பாளர் கலவையை மாற்றக்கூடும். ஆதலால் சென்ற மாதம் படித்தது இம்மாதத்துக்குப் போதாது. கோதுமை, பார்லி முதலியன சேர்ந்திருப்பின் அதனைப் பொட்டலத்தில் அறிவிக்க வேண்டுமென்பது 2020-ஆம் ஆண்டு விதிகளில் உள்ளது. சில்லறையாக அள்ளி விற்கும் பொருள்களில் அவ்வறிவிப்பு இராது. அவற்றைத் தவிர்த்தல் நலம்.

ஆதான நிக்ஷேபண சமிதி பொருள்களை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்பைக் கூறுகிறது. நோயுற்றவர்க்கெனத் தனித் தோசைக்கல், தனி வடிகட்டி, தனி மரக்கரண்டி, தனிப் பலகை வைத்துக்கொள்க. எவர்சில்வர்ப் பாத்திரங்களை நன்கு தேய்த்துக் கழுவினால் போதும். கீறல் விழுந்த மரத்திலும் பழகிய இரும்புக் கல்லிலும் மாவு தங்கிவிடும். அவர்க்குரிய மாவுக் குவளைகளை மேல் தட்டில் வைக்கவும். கோதுமை கீழே இருக்கட்டும். ஒரே நாளில் இரண்டும் சமைக்க நேர்ந்தால், அவர்க்குரியதை முதலில் சமைத்து மூடிவைத்த பின்னரே கோதுமை மாவைத் தொடுதல் வேண்டும். பந்தியில் அவர்க்கு முதலில் பரிமாறுக.

பாஷா சமிதி சொல்லில் விழிப்பைக் கூறுகிறது. இதுவே மூன்றிலும் அரியது. விருந்துக்கு அழைத்தவர், "கோதுமை சேர்க்கவில்லை" என்று உறுதிபடச் சொல்லுமுன், "பெருங்காயம் எது? எண்ணெய் எது?" என எண்ணிப் பார்க்க வேண்டும். தெரியாவிடின் தெரியாது என்று சொல்வதே உண்மை. அச்சொல்லால் விருந்தினர் ஒரு வேளை பழமும் பாலும் உண்டு நலமாக இருப்பார். நம் உபசாரத்தின் பெருமைக்காகச் சொல்லும் "ஒன்றும் ஆகாது, கொஞ்சம் சாப்பிடுங்கள்" என்பது அன்பின் சொல்லாகத் தோன்றினும் தீங்கின் சொல்லே. உண்ண மறுப்பவரை, "மிகவும் பார்க்கிறாள்" என்று பின்னால் பேசுவதும் அத்தகையதே. இரவில் உண்ணாமை குறித்து நம் பிள்ளைகள் பிறரிடம் ஏளனம் கேட்டிருக்கின்றனர். அவ்வேளனத்தின் கசப்பை அறிந்த நாமே அதனை இன்னொருவர்க்குச் செய்யலாமா?

தவறி நேர்ந்துவிட்டால்

உட்கொண்ட குளூட்டனை முறிக்கும் மருந்து இன்று வரை இல்லை. கடையில் விற்கும் செரிமான மாத்திரைகளை நம்பிக் கோதுமையை உண்ணலாகாது. வலிந்து வாந்தியெடுக்கச் செய்தலும், பேதிக்குக் கொடுத்தலும் கூடா. செய்ய வேண்டியவை எளியவை.

வாந்தியாலும் பேதியாலும் உடல் இழந்த நீரை ஈடு செய்தல் முதற்கடமை. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும். அது கிட்டாவிடின், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் ஆறு சமத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். வயிறு அமைதியுற்ற பின் அரிசிக் கஞ்சியும் குழைந்த சோறும் போதும். குடல் கேடுற்றிருக்கும் நாள்களில் பால் சிலருக்குச் செரிப்பதில்லை; அவர்களுக்குச் சில நாள் பாலைத் தவிர்க்கலாம். ஓய்வு கொடுங்கள், பள்ளிக்குச் செல்லுமாறு வற்புறுத்த வேண்டா.

பொழுது சாய்ந்த பின் இத்துன்பம் நேர்ந்தால் என் செய்வது என்று சிலர் தயங்குவர். நோயுற்ற குழந்தைக்கு நீரும் மருந்தும் மறுத்தல் விரதமாகாது என்பதே நம் துணிபு. பதினாறு பாவனைகளுள் கூறப்படும் தவமும் சக்திக்கேற்ற தவமே. அவ்வாறே, வயிற்றைத் தூய்மை செய்வதாக எண்ணிச் சோர்ந்த உடலை உபவாசத்தில் ஆழ்த்துதலும் வேண்டா.

வாந்தி நில்லாமை, நீர் சரிவரப் பிரியாமை, மயக்கம், காய்ச்சல், மலத்தில் இரத்தம் ஆகியவை தோன்றினால் மருத்துவரிடம் செல்க. எல்லாத் துன்பத்தையும் கோதுமையின் மேல் ஏற்றி வேறு நோயைக் கவனியாது விட்டுவிடலாகாது. அடிக்கடி தவறுதல் நேர்வதாக ஐயம் இருப்பின், இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்து பார்க்க மருத்துவர் கூறுவார்.

ஒரு முறை தவறியதால் வாழ்வே கெட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டா. பெரும்பாலோர்க்கு ஓரிரு நாளில், சிலருக்கு ஒரு வாரத்தில், துன்பம் தணியும். மீண்டும் விழிப்போடு உண்டால் குடல் தன்னைத் தானே செம்மை செய்துகொள்ளும். "கெட்டது கெட்டுவிட்டது, இன்று முழுதும் உண்போம்" என்னும் எண்ணமே கேடு.

நோய் உளதோ என ஐயுறுவோர்க்கு ஒரு சொல். சோதனை செய்யுமுன் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட வேண்டா. நிறுத்திய பின் செய்யும் சோதனையில் நோய் வெளிப்படாமல் போகலாம். ஒருவர்க்கு நோய் உறுதியானால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரும் சோதித்துக்கொள்ளுதல் நன்று.

பழி கூறாது பின்நோக்கிப் பார்த்தல்

நாள் முடிவில் அன்றைய செயல்களைப் பின்நோக்கி ஆராயும் பிரதிக்கிரமணம் நம் மரபில் உண்டு. எங்கே விழிப்புத் தவறியது என்பதைக் கண்டு, மீண்டும் நேராமல் காப்பதே அதன் பயன். தவறி உண்ட பின்னும் இவ்வாறே இல்லத்தார் அமர்ந்து பார்க்க வேண்டும். என்ன உண்டோம், எங்கே அரைத்தோம், எந்தக் கரண்டி, எந்த எண்ணெய் என வரிசையாக எழுதுங்கள். "யார் செய்தது?" என்று தொடங்கினால் அனைவரும் வாய் மூடிக்கொள்வர். "எவ்வாறு நேர்ந்தது?" என்று தொடங்கினால் உண்மை வெளிப்படும். துன்புற்றவரையும் குற்றவாளியாக்க வேண்டா. கேட்டு அறிந்து உண்டவரும் ஏமாறக்கூடும்.

நான்கு தானங்கள்

ஆகாரம், ஔஷதம், அபயம், சாஸ்திரம் எனத் தானம் நான்கு என்பர். இந்நோயுற்ற ஒருவர்க்குத் தூய்மையாக ஆக்கிய ஒரு பிடி சோற்றை இடும்போது, அது ஆகார தானம். அவர்க்கு அந்த உணவே மருந்தாதலால் அது ஔஷத தானமுமாகும். "இதனை அச்சமின்றி உண்ணலாம்" என்று உண்மையாகச் சொல்ல முடிவதால் அபய தானமும் அதில் அடங்கும். அறிந்ததை அண்டை வீட்டார்க்கும் விழாப் பந்தியில் சமைப்போர்க்கும் எடுத்துரைத்தால் ஞானத்தைப் பகிர்ந்த பயனும் உண்டு. ஒரு கவளத்தில் நான்கு தானங்களும் கூடும் வாய்ப்பு எளிதில் வாய்ப்பதன்று.

பயிற்சி: இல்லத்தார் கூடிச் செய்ய வேண்டியவை

1. நம் வீட்டுப் பெருங்காய டப்பாவை எடுத்து, சேர்மானப் பட்டியலைப் பிள்ளைகளைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்க.
2. நம் வீட்டு மாவும் பொடிகளும் எங்கே அரைக்கப்படுகின்றன? அங்கே வேறு என்னென்ன அரைக்கப்படுகின்றன? கேட்டறிக.
3. அடுத்த விழாப் பந்தியில் கோதுமை உண்ணலாகாத ஒருவர் வந்தால், அவர்க்கு எதனை, எந்தப் பாத்திரத்தில், எப்போது பரிமாறுவோம்? எழுதிப் பார்க்க.
4. "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்பதற்குப் பதிலாக விருந்தினரிடம் சொல்லத்தக்க ஒரு வாக்கியத்தை ஒவ்வொருவரும் கூறுக.

அனைத்துயிரும் அச்சமின்றி உண்டு நலமுற்று வாழ்க.